தையலுக்குப் பின் வரும் இரவு

1954 மார்ச் 26 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில், வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் ஒரு வயது கடந்த ஆண் குழந்தையின் இதயத்தைத் திறந்து, கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். இதய-நுரையீரல் இயந்திரத்தை நம்பிக் குழந்தையை ஒப்படைக்க முடியாத காலம் அது. அதனால் குழந்தையின் தந்தையைப் பக்கத்திலேயே படுக்கவைத்து, அவருடைய தொடை இரத்தக் குழாய்களைக் குழந்தையின் இரத்தக் குழாய்களோடு இணைத்து, தந்தையின் இதயமும் நுரையீரலும் இருவருக்குமாக உழைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் இந்த நாளை விடுவதில்லை. அந்தக் குழந்தை 11 நாள் கழித்து இறந்துபோனது என்பதைப் பலரும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். உயிரைப் பறித்தது நுரையீரலில் ஏற்பட்ட தொற்று. பிரேதப் பரிசோதனையில் பார்த்தபோது இதயத்தில் போட்ட தையல் உறுதியாக இருந்தது. ஓட்டை மூடியபடியே இருந்தது. செய்யவேண்டியதைச் சரியாகச் செய்து முடித்த பிறகும் ஒரு குழந்தை ஏன் இறந்தது என்ற கேள்விக்கு அறுவை அரங்கில் பதில் கிடையாது.

குழந்தை இதய அறுவையின் வரலாறு நமக்கு அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டிருக்கிறது. யார் முதலில் வெட்டினார், யார் முதலில் தைத்தார், எந்த ஊரில், எந்த நாளில் என்று பட்டியல் நீளும். 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், பிறந்த பின்பும் மூடாமல் நின்றுபோன நாளத்தைக் கட்டியது, 1944-ல் பால்டிமோரில் ஆல்ஃபிரட் பிளாலக், 1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், 1954-ல் லில்லிஹை, 1955-ல் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின். இந்தப் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய இடைவெளி தெரியும். தையல் போடும் திறமை 1950-களிலேயே பெருமளவு கைகூடிவிட்டது. பிறந்த சில நாள் அல்லது சில வாரக் குழந்தைகளுக்கு முழுமையான அறுவை செய்து பிழைக்கவைப்பது வழக்கமானதோ 1970-களிலும் 80-களிலும்தான். இடையில் கழிந்த அந்தக் காலத்தில் காத்திருந்தது கத்தியா, கட்டிலா? சான்றுகளைப் பார்த்தால் கட்டில் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய படுக்கை, அதைச் சுற்றி நின்ற நர்சுகள், மூச்சுக் கருவி, ஒவ்வொரு மணிக்கும் அளந்து எழுதிய தாள் இவையெல்லாம் எந்த அளவுக்கு வளர்ந்தனவோ அந்த அளவுக்குத்தான் அறுவை இளம் வயதை நோக்கி இறங்க முடிந்தது.

பால்டிமோரிலிருந்தே தொடங்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பர் 29 அன்று அறுவைக்கு வந்த பெண் குழந்தைக்கு வயது 15 மாதம். எடை 4 கிலோவைச் சுற்றித்தான். நம் ஊரில் மூன்று மாதக் குழந்தையே அதைவிட எடை இருக்கும். நுரையீரலுக்குப் போகும் இரத்தம் குறைந்து உடல் நீலம் பாரித்த குழந்தை. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தால் இரத்தம் கூடும் என்ற யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவருடையது. அதை நாய்களிடம் செய்து பார்த்துக் கைப்பக்குவமாக்கியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வகப் பணியாளர். அறுவையன்று பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழி சொன்னவரும் அவரே. இவருக்கு உரிய பெயரைக் கொடுக்க வரலாற்றுக்கு முப்பது ஆண்டு பிடித்தது. அவருக்காவது கொடுத்தது; படுக்கையருகில் நின்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தக் குழந்தையின் கதை அறுவையோடு முடியவில்லை. முதல் இரண்டு வாரம் அது சாவோடுதான் கிடந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தது. அதை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. வீட்டுக்குப் போக இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் இரவும் பகலும் அருகில் நின்றவர்கள் யார் என்று கேட்டால் புகழ்பெற்ற வரலாறுகளில் பெயர் கிடைக்காது. சில மாதத்தில் குழந்தை மறுபடி நீலமாகி, இரண்டாம் அறுவைக்குப் பிறகு இறந்தது. ஆனாலும் 1945-ல் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு நாடெங்கும் இருந்து பெற்றோர் பால்டிமோருக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இங்கே உடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தம் ஏறத்தாழ 250 மில்லி. ஒரு காப்பி டம்ளர் கொள்ளும் அளவு. மார்பில் செருகிய குழாய் வழியே 30 மில்லி வெளியேறினால், பெரியவர் ஒருவர் அரை லிட்டருக்கும் மேல் இழந்ததற்குச் சமம். மூச்சுக்குழலுக்குள் போடும் குழாயின் உள்விட்டம் மூன்று மூன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு சளித்துண்டு அடைத்தால் போதும், சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களைத் தொட்டுத் திரும்பிய இரத்தம் உடல் முழுவதும் அழற்சியைக் கிளப்பும், நுண்குழாய்கள் கசியும், குழந்தை கண் திறக்க முடியாதபடி வீங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இதயத்தின் உழைப்பு அறுவை முடிந்த உடனே அடிமட்டத்தைத் தொடுவதில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தமனி மாற்று அறுவை செய்துகொண்ட சிசுக்களை அளந்து 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது: முதல் இரவில், அறுவைக்குப் பிந்தைய 6 மணி நேரத்துக்கும் 18 மணி நேரத்துக்கும் இடையில் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு குறைகிறது, ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு ஆபத்தான அளவு குறைகிறது. காலையில் அறுவை முடிந்தால் அந்த நேரம் மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். அறுவை மருத்துவர் கை கழுவி வீட்டுக்குப் போன பிறகு வரும் நேரம் அது. அப்போது படுக்கையருகில் இருப்பவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார். பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 1 மில்லியாவது இறங்குகிறதா, கல்லீரல் விலாவுக்குக் கீழே எத்தனை விரல் இறங்கியிருக்கிறது? எத்தனை மானிட்டர் வந்த பிறகும் இந்தக் கேள்விகள் போகவில்லை.

மினியாபொலிஸ் குழந்தையைக் கொன்றது நுரையீரல் என்றேன். நுரையீரலைக் காக்கும் வித்தை வேறொரு நோயிலிருந்து வந்தது. 1952-ல் கோபன்ஹேகனைப் போலியோ உலுக்கியபோது, மூச்சுத் தசை முடங்கிய நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தலாம் என்றார் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, பை அழுத்தும் வேலையை வாரக்கணக்கில் செய்தார்கள். சாவு விகிதம் சரிந்தது. நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாமல் கவனிப்பது என்ற தீவிர சிகிச்சைப் பிரிவின் எண்ணமே அங்கேதான் பிறந்தது. குழந்தைகளுக்கென்று தனியான ஒன்று ஸ்வீடனில் கோத்தென்பர்க் நகரில் 1955-ல் வந்தது. பிலடெல்பியாவில் ஜான் டவுன்ஸ் 1967-ல் தொடங்கினார். சிசுக்களுக்கு இன்னும் ஒரு தடை மிச்சம் இருந்தது. மூச்சை வெளியே விடும்போது அவற்றின் நுரையீரல் ஒட்டிக்கொள்ளும். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, மூச்சுத் திணறும் சிசுக்கள் முனகுவதைக் கூர்ந்து கவனித்தார். அந்த முனகல், தொண்டையைப் பாதி மூடி நுரையீரலைத் திறந்தே வைத்திருக்கக் குழந்தை தானே செய்யும் வேலை. அதையே கருவியால் செய்தால் என்ன என்று, மூச்சுவழியில் இடைவிடாமல் சிறு அழுத்தத்தை நிறுத்திவைக்கும் முறையை அவரும் அவர் குழுவினரும் 1971-ல் வெளியிட்டார்கள். முதல் 20 சிசுக்களில் 16 பிழைத்தன. அது குறைமாதக் குழந்தைகளுக்காகச் செய்தது. நான்கே ஆண்டில் அவரே அதை மூன்று மாதத்துக்கு உட்பட்ட இதய அறுவைக் குழந்தைகளிடம் ஆராய்ந்து எழுதினார். இதய அறுவையின் பெரிய திருப்பங்களில் ஒன்று என்று இதை யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

பேஸ்மேக்கரின் கதை இன்னும் துலக்கமானது. கீழறைச் சுவரின் ஓட்டையை மூடும்போது, அதன் விளிம்பில் ஓடும் மின்பாதையில் தையல் விழுந்துவிட்டால் இதயத் துடிப்பு அறுந்து படுத்துவிடும். லில்லிஹையின் ஆரம்ப நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது, பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1957 ஜனவரியில் அவர் இதயத் தசையிலேயே ஒரு கம்பியைத் தைத்து, வெளியே இருக்கும் கருவியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தார். சில நாளிலோ சில வாரத்திலோ இதயம் தன் தாளத்தைத் திரும்பப் பெறும் வரை தாக்குப்பிடித்தால் போதும். ஆனால் அந்தக் கருவி சுவர் மின்சாரத்தில் ஓடியது. வார்டில் குழந்தை நடமாட முடிந்த தூரம் மின்கம்பியின் நீளம்தான். அக்டோபர் 31 அன்று நகரத்தில் மின்சாரம் நின்றுபோனது. உடனே லில்லிஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்க வந்துபோகும் ஏர்ல் பாக்கனிடம் மின்கலத்தில் ஓடும் ஒன்றைக் கேட்டார். பாக்கன் ஒரு மின்னணுப் பத்திரிகையில் வந்திருந்த, இசைப் பயிற்சிக்குத் தாளம் போடும் கருவியின் சுற்றை மாற்றி, கையடக்கப் பெட்டி ஒன்றைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். அவருடைய மெட்ரானிக் என்ற சிறிய கடை உலக நிறுவனமானது இதற்குப் பிறகுதான். இன்று தாத்தாக்களின் மார்பில் துடிக்கும் கருவியின் வம்சாவளியில், குழந்தைகள் வார்டில் மின்சாரம் போன ஓர் இரவுக்கும் இடம் உண்டு.

இதற்கு எளிதாக எழும் மறுப்பு ஒன்று உண்டு. அறுவையே இல்லாவிட்டால் அறுவைக்குப் பிந்தைய கவனிப்புக்கு என்ன வேலை? முதலில் ஒருவர் துணிந்து வெட்டவேண்டுமே? உண்மைதான்; துணிவின் பெருமையை யாரும் குறைக்கவேண்டியதில்லை. ஆனால் இந்த மறுப்பு முன்பின் வரிசையைக் காட்டுகிறதே தவிர, வளர்ச்சியின் காரணத்தைக் காட்டவில்லை. ஏன் சில ஆண்டுகள் காத்திருந்து குழந்தை வளர்ந்த பிறகு அறுவை செய்தார்கள்? ஏன் முதலில் ஒட்டு அறுவை, பிறகு முழு அறுவை என்று இரண்டாகப் பிரித்தார்கள்? சிசு இயந்திரத்தைத் தாங்காது, தாங்கினாலும் அதற்குப் பின் வரும் இரவைத் தாங்காது என்ற பயம்தான். அந்தப் பயத்தை உடைத்ததில் ஆக்லாந்தின் கிரீன் லேன் மருத்துவமனைக்குத் தனி இடம் உண்டு. பிரயன் பாரட்-பாய்ஸ் 1969 முதல் சிசுக்களின் உடலை ஆழமாகக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே நிறுத்தி, முழு அறுவையை ஒரே தடவையில் செய்துகாட்டினார். ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்கள் காட்டிய வழி அது. அதே ஆக்லாந்தில், 1975-ல், பிராஸ்டகிளாண்டின் என்ற மருந்தைச் சிசுவின் இரத்தக் குழாய்க்குள் சொட்டுச்சொட்டாகச் செலுத்தினால் மூடப்போகும் நாளம் திறந்தே இருக்கும் என்று காட்டினார்கள். கிராஸ் கட்டிய அதே நாளம்தான். சில குழந்தைகளுக்கு அது மூடாதது நோய், வேறு சிலருக்கு அது மூடினால் சாவு. இந்த மருந்து வருமுன் அப்படிப்பட்ட சிசுக்கள் நீலம் முற்றி, உறுப்புகள் பழுதாகி, நள்ளிரவு அவசரத்தில் மேசைக்கு வந்தன. வந்த பின் மூச்சும் சிறுநீரும் சீரான குழந்தையை நிதானமாகப் பகலில் எடுக்க முடிந்தது. பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கிண்ட் 1966-ல் பலூன் குழாயால் மேலறைச் சுவரைக் கிழித்துவிட்டதும் அப்படித்தான். தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகள், கவனிக்காவிட்டால் ஓராண்டுக்குள் பத்தில் ஒன்பது இறந்துவிடும் என்ற நிலை, அதனால் தள்ளிப்போனது. கத்தி எடுக்காமல் செய்யப்பட்டவை இவை. பின்னால் சா பாவ்லோவின் அடிப் ஜாட்டேன் கண்ட தமனி மாற்று முறையைப் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடா சிசுக்களிடம் 1983 முதல் செய்தபோது, இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன.

வார்டைப் புகழ்ந்துகொண்டே போனால் அதன் கறையை மறைத்ததாகிவிடும். சிசுவுக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது, மயக்க மருந்தோ அதைவிட ஆபத்து என்று மருத்துவ உலகின் ஒரு பகுதி 1980-கள் வரை நம்பியது. தசையை முடக்கும் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, மூடாத நாளத்தைக் கட்டும் அறுவையைக் குறைமாதக் குழந்தைகளிடம் செய்ததுண்டு. அசையாத குழந்தை அமைதியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். தன் குழந்தைக்கு இப்படி நடந்ததை அறிந்த ஓர் அமெரிக்கத் தாய் பத்திரிகைகளில் எழுப்பிய குரல் ஒரு பக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜித் சிங் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் செய்த ஆய்வு மறுபக்கம். 1987-ல் அவரும் உடனாளிகளும் அந்த நாள அறுவையையே எடுத்துக்கொண்டு, ஃபென்டனில் கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். வலிமருந்து பெறாதவற்றின் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் பாய்ந்திருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவற்றுக்கே அதிகம். 1992-ல் பாஸ்டனில், இதய அறுவை செய்துகொண்ட 45 பச்சிளங்குழந்தைகளிடம், அறுவையின்போதும் அதற்குப் பிறகும் ஆழ்ந்த வலித்தணிப்பு கொடுத்துப் பார்த்தார். அதைப் பெற்ற 30 குழந்தைகளில் ஒன்றும் இறக்கவில்லை; வழக்கமான, இலேசான முறையில் வைத்த 15-ல் 4 இறந்தன. சிறிய ஆய்வு; இன்று அவ்வளவு அதிக அளவு மருந்து தேவை என்று எல்லோரும் கருதுவதில்லை, சீக்கிரமாக மூச்சுக்குழாயை எடுத்துவிடவே விரும்புகிறார்கள். அப்படியிருந்தும் அடிப்படை மாறவில்லை. தையல் ஒன்றே, தையலுக்குப் பிறகு குழந்தையின் உடல் என்ன பாடு படுகிறது என்பதைப் பொறுத்து முடிவு வேறாகிறது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஒரே அறுவையில் ஒரு மருத்துவரின் குழந்தைகள் பிழைக்கின்றன, இன்னொருவரின் குழந்தைகள் பிழைப்பதில்லை என்றால் வேறுபாடு கையில்தானே இருக்கிறது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனையை இதற்குச் சாட்சியாக அழைப்பார்கள். அங்கே 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தார்கள். எண்களைத் திரட்டி எச்சரித்தவர் ஸ்டீவன் போல்சின் என்ற மயக்க மருத்துவர். பலனாக அவர் நாட்டைவிட்டே போகவேண்டிவந்தது. 1998-ல் மருத்துவப் பேரவை இருவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ஆனால் இயன் கென்னடி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2001-ல் தந்த அறிக்கை கையோடு நின்றுவிடவில்லை. அறுவை ஒரு கட்டடத்தில், குழந்தை இதய மருத்துவர்கள் இன்னொரு கட்டடத்தில். பெரியவர்களோடு கலந்த தீவிர சிகிச்சைப் பிரிவு. குழந்தை நர்சுப் பயிற்சி பெற்றவர்கள் போதாமை. நள்ளிரவில் யார் முடிவெடுப்பது என்ற குழப்பம். இவற்றை ஒன்றுவிடாமல் எழுதியது. பின்னால் அங்கே திறந்த இதய அறுவையில் சிசுக்களின் சாவு நூற்றுக்கு 29-லிருந்து 3-க்கு இறங்கியது. 1995-ல் புதிய அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார்; அதே ஆண்டில் அறுவையும் குழந்தைகள் மருத்துவமனைக்கே மாறியது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கையைக் குறை சொல்லும் கட்சிக்கு இந்தச் சான்று முழுவதும் சொந்தமில்லை என்பது போதும்.

கையையும் படுக்கையையும் பிரிக்கும் தாழ்வாரத்திலும் வரலாறு நடந்திருக்கிறது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மார்ட்டின் எலியட், ஆலன் கோல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் களைத்துப்போய்த் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் நிற்கும் காருக்குச் சில விநாடிகளில் சக்கரம் மாற்றும் ஆட்களின் ஒழுங்கு கண்ணில் பட்டது. தங்கள் மருத்துவமனையில் அறுவை முடிந்த சிசுவை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவரும்போது பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேச, பத்துக் குழாய்களை மாற்றிச் செருக, சொல்லவேண்டியது பாதி விட்டுப்போவது நினைவுக்கு வந்தது. ஃபெராரி அணியினரிடமே போய்க் கேட்டார்கள். முதலில் கருவிகளை மாற்றுவது, யாரும் பேசாமல். பிறகு ஒருவர் மட்டும் பேசுவது, மற்றவர் கேட்பது. யார் தலைமை என்பது முன்கூட்டியே தீர்மானம். 2007-ல் வெளியான ஆய்வு தவறுகளும் விடுபட்ட தகவல்களும் குறைந்ததைக் காட்டியது. வேடிக்கையான கதை என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் இதில் புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை, புதிய தையல் இல்லை.

அப்படியானால் இது பணக்கார நாடுகளின் கதைதானே, மானிட்டரும் வென்டிலேட்டரும் வாங்கக் காசுள்ளவர்களுக்கு வார்டு உயிர் காக்கும், மற்றவர்களுக்கு அறுவை மருத்துவரின் கைதான் கதி என்று ஒரு மறுப்பு எழலாம். எனக்கு இதில் ஓரளவு உடன்பாடு உண்டு. உடலுக்கு வெளியே நின்று இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ என்ற கருவியை ராபர்ட் பார்ட்லெட் 1972-ல் இதய அறுவை முடிந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு 36 மணி நேரம் பொருத்திப் பிழைக்கவைத்தார். அது இன்றும் எல்லா ஊருக்கும் எட்டுவதில்லை. ஆனால் வேறு சான்றும் இருக்கிறது. பாஸ்டனின் கேத்தி ஜென்கின்ஸ் முன்னெடுத்த ஒரு கூட்டு முயற்சியில், 17 வளரும் நாடுகளைச் சேர்ந்த 28 மருத்துவமனைகள் தங்கள் எண்களை 2010 முதல் 2012 வரை பகிர்ந்தன. இந்திய மருத்துவமனைகளும் அதில் உண்டு. சொல்லிக்கொடுக்கப்பட்டவை மூன்று: அறுவையைச் சுற்றிய பாதுகாப்பு நடைமுறை, கை கழுவுதலும் தொற்றுத் தடுப்பும், குழுவாக வேலை செய்தல். கடைசியானதில் நர்சு கேள்வி கேட்க உரிமை உள்ளவர் என்பதே மையம். இவற்றால் சாவும் தொற்றும் குறைந்தன. நம் பக்கத்திலேயே பாருங்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் தன் மருத்துவமனையோடு நர்சுப் பள்ளியைத் தொடங்கியது 1909-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1918-ல். 1946-ல் நர்சுப் படிப்பு அங்கே பட்டப்படிப்பானது. ரீவ் பெட்ஸ் என்ற அறுவை மருத்துவர் வந்து மார்பு அறுவைத் துறையைக் கட்டியதும், 1960-களின் தொடக்கத்தில் கோபிநாத் என்ற அறுவை மருத்துவர் திறந்த இதய அறுவை செய்ததும் அதற்குப் பிறகு. இதயத்தைத் திறக்கத் துணிந்த இந்திய மருத்துவமனைகளில் முன்வரிசையில் நின்ற ஒன்று, அரை நூற்றாண்டாக நர்சுகளைப் பயிற்றிவந்த இடம் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தாயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்க முடியாது. தொற்று வரும், குழந்தை அழும் என்று சொல்லி மேலை நாட்டு மருத்துவமனைகள் பெற்றோரை வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் உள்ளே விட்டன. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் எடுத்த, மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய படமும், 1959-ல் இங்கிலாந்து அரசுக்காக வந்த பிளாட் குழுவின் அறிக்கையும் அந்தக் கதவைத் திறந்தன. நம் ஊரில் நேர்மாறு. பொதுவார்டில் அம்மாவும் பாட்டியும் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருப்பார்கள், ஐ.சி.யூ. வந்த பிறகுதான் கண்ணாடிக்கு அப்பால் நிற்கவைக்கப்பட்டார்கள். இது வெறும் மன ஆறுதல் பற்றிய விஷயமல்ல. இதய அறுவை செய்த சிசுவுக்குப் பால் உறிஞ்சுவதே பெரிய உழைப்பு. மூச்சு வாங்கும், வியர்க்கும், பாதியில் தூங்கிப்போகும். முதலில் மூக்குக் குழாய் வழியே பீய்ச்சிய பால், பிறகு பாலாடையில், பிறகு நேரடியாக. ஒவ்வொரு படியும் நாட்களைத் தின்னும். பல குழந்தைகளின் வீடு திரும்பும் நாளைத் தள்ளிப்போடுவது இதயத்தைவிட எடைத் தராசுதான். மில்வாக்கி குழந்தைகள் மருத்துவமனை 2000-ல் இதை ஒரு முறையாகவே ஆக்கியது. இதயத்தின் இடப்பாதி வளராமல் பிறந்து, நார்வுட் எனப்படும் முதல் அறுவை முடிந்து இரண்டாம் அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைகளில் சிலர் அந்த இடைக்காலத்தில் வீட்டிலேயே திடீரென்று இறந்துகொண்டிருந்தார்கள். பெற்றோரிடம் ஒரு தராசும் ஆக்சிஜன் அளவுகோலும் கொடுத்தனுப்பினார்கள். ஆக்சிஜன் குறித்த அளவுக்குக் கீழே போனாலோ, எடை 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராமாவது ஏறாவிட்டாலோ உடனே கூப்பிடவேண்டும். இடைக்காலச் சாவு குறைந்தது. பல மருத்துவமனைகள் இதைப் பின்பற்றின. ஐ.சி.யூ.வின் தாளும் பேனாவும் கடைசியில் தாயின் கைக்கே வந்துசேர்ந்தன.

உலகில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 முதல் 10 வரை இதயக் குறையோடு பிறக்கின்றன. தமிழ்நாட்டில் 2009 முதல் அரசுக் காப்பீட்டில் இப்படிப்பட்ட பல அறுவைகளுக்கு வழி உண்டு. கட்டணப் பட்டியல்கள் எங்கும் அறுவையின் பெயரால்தான் எழுதப்படுகின்றன. விளம்பரப் பலகையிலும் அறுவை மருத்துவரின் முகம்தான் இருக்கிறது. அதனால் குழந்தையை அழைத்துப் போகிறவர்கள் ‘எந்த டாக்டர் செய்வார்?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து, இரவு ஷிஃப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை குழந்தைகள், குழந்தைகளுக்கென்றே தனி ஐ.சி.யூ. உண்டா, நள்ளிரவில் முடிவெடுக்கும் மருத்துவர் வளாகத்திலேயே இருப்பாரா, போன ஆண்டு தொற்று எத்தனை பேருக்கு வந்தது, தாய் எப்போது உள்ளே போகலாம் என்பதையும் கேளுங்கள். நல்ல மருத்துவமனை இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.